6. ஈரங்கொல்லியின் நாக்கு

1323-இல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது, கோயிலின் உற்சவ மூர்த்தி அழகிய மணவாளரை எடுத்துக்கொண்டு ஒரு சிறு கூட்டம் தெற்கே கிளம்பியது. முன்னின்று அழைத்துப்போன பிள்ளை லோகாசாரியர் தள்ளாத வயதுக்காரர். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் அவர் காலமானார். மூர்த்தியின் பயணம் நிற்கவில்லை. மலைநாடு, கன்னட நாடு, திருப்பதி என்று ஊர் ஊராகச் சுற்றியது. விஜயநகரத் தளபதி கோபணார்யர் அதை மறுபடி ஸ்ரீரங்கத்தில் எழுந்தருளச் செய்தது 1371-இல். நடுவில் 48 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதற்குள் கோயிலில் வேறொரு மூர்த்திக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. இரண்டில் பழையவர் யார்? நேரில் பார்த்துப் பழகியவர்கள் யாரும் உயிரோடு இருப்பதாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் கோயிலின் வரலாற்றுத் தொகுப்பான ‘கோயிலொழுகு’ ஒரு கதை சொல்கிறது. பெருமாளின் துணிகளை வெளுக்கும் ஈரங்கொல்லி ஒருவர் மிஞ்சியிருந்தார். முதியவர், கண்ணும் போய்விட்டது. இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, உடுத்திய ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைத் தரும்படி அவர் கேட்டார். இரண்டையும் வாயில் விட்டுப் பார்த்தார். ஒன்றைக் குடித்ததும் இவரே நம்பெருமாள் என்றார். ஊரும் ஏற்றுக்கொண்டது. உற்சவருக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். இடையில் பூசை பெற்ற மூர்த்தியும் திருவரங்கமாளிகையார் என்ற பெயரில் அங்கேயே இருக்கிறார்.

கதை எழுதியபடியே நடந்ததா என்பதை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது வேறு. ஸ்ரீரங்கம் கோயிலைப் போல வேலையைப் பிரித்து, எழுதி, ஒழுங்குபடுத்திய நிறுவனங்கள் அந்தக் காலத்தில் குறைவு. சுவரெல்லாம் கல்வெட்டு. கோயில் பணியாளர்களைப் பத்துக்கொத்தாகப் பிரித்து யார் எதைச் செய்ய வேண்டும் என்று இராமானுசர் வகுத்ததாகக் கோயிலொழுகு விரிவாகவே சொல்கிறது. இவ்வளவு இருந்தும், நெருக்கடி வந்த நாளில் தேவைப்பட்ட ஒரே ஒரு தகவல் எந்தக் கல்லிலும் எந்த ஓலையிலும் இல்லை. துணி துவைத்தவரின் நாக்கில் இருந்தது. அதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்டதும் இல்லை. தன்னிடம் அப்படியொன்று இருப்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

ஒரு நிறுவனத்துக்குத் தெரிந்தது எங்கே இருக்கிறது? கோப்பிலா, ஆளிடமா, இயந்திரத்திலா? அது எப்படி உண்டாகிறது, எப்படிக் கைமாறுகிறது, எப்படிக் காணாமல் போகிறது? கடந்த எண்பது ஆண்டுகளாகப் பொறியாளர்களும் சமூகவியலாளர்களும் உளவியலாளர்களும் இந்தக் கேள்வியைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் பெரும்பகுதியைத் திருச்சியைச் சுற்றியே காட்டிவிடலாம்.

கை அறிந்தது

ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய மைக்கேல் போலானி முதலில் வேதியியலாளர், பிறகு தத்துவம் எழுதியவர். மனிதர்களுக்குத் தெரிந்ததில் ஒரு பகுதியைத்தான் அவர்களால் வாய்விட்டுச் சொல்ல முடியும் என்பது அவர் வாதம். அவர் காட்டிய உதாரணம் சைக்கிள். விழப்போகும் பக்கமே ஹேண்டிலைத் திருப்பித்தான் நாம் சமாளிக்கிறோம். எவ்வளவு திருப்புவது என்பதற்கு இயற்பியலில் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரியாமல்தான் எல்லோரும் ஓட்டுகிறோம். கணக்கு தெரிந்தவராலும் அதை வைத்து ஓட்டிவிட முடியாது. இதை ஆங்கிலத்தில் ‘டாசிட்’ அறிவு என்றார்கள். சொல்லில் வராத அறிவு என்று நாம் வைத்துக்கொள்வோம்.

திருச்சியை ஒட்டிய திருவெறும்பூர் பக்கம் இந்த அறிவுக்கு விலை உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965-இல் அங்கே பெல் (பாரத் ஹெவி எலெக்ட்ரிக்கல்ஸ்) நிறுவனத்தின் உயர் அழுத்த பாய்லர் ஆலை வந்தது. அனல்மின் நிலைய பாய்லர் என்பது கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் குழாய்தான். உள்ளே பெரும் அழுத்தத்தில் தண்ணீரும் நீராவியும் ஓடும். குழாயோடு குழாய் சேரும் இணைப்புகள் பல்லாயிரம். அவற்றில் ஒன்று கசிந்தாலும் யூனிட்டை நிறுத்தியாக வேண்டும். ஆகவே வெல்டிங் அங்கே ஒரு துணைவேலை இல்லை, ஆலையின் உயிரே அதுதான். 1975-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தையே பெல் திருச்சியில் தொடங்கியது.

‘6ஜி வெல்டர்’ என்று வளைகுடா வேலை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தேர்வு இப்படி: குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள். குழாய் சுழலாது, வெல்டர்தான் அதைச் சுற்ற வேண்டும். ஒரே இணைப்பில் அடியில் போகும்போது தலைக்கு மேலே வெல்டிங், பக்கத்தில் செங்குத்து, மேலே வந்தால் ஓரளவு சமதளம். புவியீர்ப்பு உருகிய உலோகத்தை ஒவ்வொரு அங்குலத்திலும் வேறு பக்கம் இழுக்கும். முதல் சுற்றான ‘ரூட்’ சரியாக விழ வேண்டுமானால், உருகிய குளத்தின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை திறந்தபடியே நகர வேண்டும். துளை பெரிதானால் உலோகம் உள்ளே ஒழுகும். மூடிக்கொண்டால் அடி சேராது. அந்தத் துளையைப் பார்த்தபடி வலது கை டார்ச்சை நகர்த்தும், இடது கை ஃபில்லர் கம்பியை ஊட்டும். மூச்சு விடுவது கூடக் கணக்கில் வரும்.

பாய்லருக்குள் இன்னொரு சங்கடம். குழாய்கள் நெருக்கமாக நிற்பதால் பின்பக்கம் தலை நுழையாது. பின்னால் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே பற்றவைப்பார்கள். முன்னும் பின்னும் மாறித் தெரியும் உலகத்தில் கை சரியான பக்கம் போக வேண்டும். கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், கை சொல்கிறவரை என்பார்கள்.

இதையெல்லாம் எழுதி வைக்கவில்லையா? வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகை இணைப்புக்கும் வெல்டிங் செயல்முறைக் குறிப்பு ஒன்று உண்டு: எந்த உலோகம், எந்த ராடு, எத்தனை ஆம்பியர், முன்சூடு எத்தனை டிகிரி என்று எல்லாம் அதில் இருக்கும். சுவாரசியம் என்னவென்றால், அந்தக் காகிதத்தைக் கேட்கும் அதே விதிநூல்கள் காகிதம் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கின்றன. செயல்முறைக்கு ஒரு தேர்வு. அதைச் செய்யப்போகும் ஆளுக்குத் தனித் தேர்வு. அவர் வைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்தோ வளைத்தோ பார்த்தபிறகுதான் அவர் பெயர் பட்டியலில் ஏறும். அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர் சங்கத்தின் பாய்லர் விதிநூல் இன்னொரு படி மேலே போகிறது. ஒரு வெல்டர் குறிப்பிட்ட முறையில் 6 மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்த முறைக்கான அவருடைய தகுதி காலாவதி. கையால் செய்யாத அறிவு கரைந்துவிடும் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்துவிட்டார்கள்.

காகிதம் தாண்டாத தூரம்

இது கைத்தொழிலுக்கு மட்டும்தானே, விஞ்ஞானத்தில் எல்லாம் எழுத்தில்தானே இருக்கிறது என்று தோன்றலாம். ஹாரி காலின்ஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளருக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. 1970 வாக்கில் கனடாவின் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று ‘டி.ஈ.ஏ. லேசர்’ என்ற புதுவகைக் கருவியைச் செய்து, விவரங்களை ஆய்விதழிலும் வெளியிட்டது. பிரிட்டனில் பல ஆய்வகங்கள் அதைப் படித்துத் தாங்களும் செய்ய முயன்றன. காலின்ஸ் ஒவ்வொரு ஆய்வகமாகப் போய் விசாரித்தார். 1974-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு செய்தவர்களில் ஒருவருக்கும் லேசர் வேலை செய்யவில்லை. வேலை செய்த எல்லோரும், ஏற்கெனவே செய்து காட்டிய ஓர் ஆய்வகத்தோடு நேரடிப் பழக்கம் வைத்திருந்தவர்கள்.

அப்படி எதுதான் விட்டுப்போனது? ஓர் உதாரணம்: மின்தேக்கியிலிருந்து மின்முனைக்குப் போகும் கம்பி குட்டையாக இருக்க வேண்டும். நேரில் பார்த்தவர்கள் பார்த்த மாதிரியே மின்தேக்கியை மேலே தூக்கிப் பொருத்தினார்கள். கம்பி தானாகக் குட்டையானது. நீளம் முக்கியம் என்று அவர்களுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை யார் கட்டுரையில் எழுதுவார்கள்? ரகசியம் காக்கும் எண்ணம் இல்லாத இடத்திலும் அறிவு எழுத்தில் ஏறாமல் நின்றுவிட்டது.

கல் சொன்னது

ஆளிடமும் இல்லாமல் காகிதத்திலும் இல்லாமல் அறிவு தங்கும் மூன்றாவது இடம், செய்யப்பட்ட பொருள். திருச்சிக்குக் கிழக்கே கல்லணை அப்படிப்பட்டது. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த அணைக்குக் கட்டுமானக் கையேடு எதுவும் நம் கைக்கு வரவில்லை. காவிரிப் படுகையில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். பாறை கிடைக்காத இடத்தில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பது 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பொறியாளர்களுக்குப் பிடிபடாத சிக்கல்.

அவர்களில் ஒருவரான ஆர்தர் காட்டன் கல்லணையை ஆராய்ந்தார். பெரிய கற்களை மணலில் போட்டால் அவை இறங்கும். மேலே இன்னும் போட்டால் இன்னும் இறங்கும். ஓரளவுக்குப் பிறகு இறங்காது. அந்த அடுக்கே அஸ்திவாரம், அதன்மேல் கட்டலாம். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த நாட்டின் பழைய கட்டுநர்களிடம்தான் கற்றோம் என்று காட்டன் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை 1836-இல் எழுந்தது. அதே பாடம் வடக்கே போய், 1852-இல் கோதாவரியில் தவளேசுவரம் அணையாக நின்றது.

கல்லணையை அதற்கு முன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள், அதன்மேல் நடந்திருக்கிறார்கள். பொருளில் உறைந்திருக்கும் அறிவை எடுக்க, அதே சிக்கலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் ஓர் ஆள் வர வேண்டும். காட்டனுக்குக் கேள்வி கையில் இருந்தது. அதனால் கல்லில் விடை தெரிந்தது.

யாருக்கு எது தெரியும்

நிறுவன அறிவைப் பல்லாண்டு ஆராய்ந்த லிண்டா ஆர்கோட் அது தங்கும் இடங்களை ஆட்கள், கருவிகள், வேலைமுறைகள் என்று பிரிக்கிறார். அதோடு இவற்றுக்கு இடையே உள்ள தொடர்புகளையும் ஒரு கிடங்காகவே எண்ணுகிறார். இந்தக் கடைசிக் கிடங்குதான் கண்ணுக்குத் தெரியாதது. அதைப் பார்க்க மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் ஏற வேண்டும்.

1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் போடப்பட்ட இந்த மீட்டர் கேஜ் பாதையில், கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் இருக்கும். ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி ஏற்றம். இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும். அதனால் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார். பாதையைப் பார்க்கிறவர் முதல் பெட்டிக்காரர். அவர் கொடியைக் காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்ட, செய்தி கடைசியில் ஓட்டுநருக்கு வந்து சேரும். பாதை எப்படி இருக்கிறது என்பது இன்ஜினில் இருப்பவருக்குத் தெரியாது. நீராவி எவ்வளவு இருக்கிறது என்பது முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்து ரயிலுக்குத் தெரியும்.

டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1985-இல் இதற்கு ஒரு கோட்பாடு தந்தார். சேர்ந்து வேலை செய்பவர்கள் எல்லாவற்றையும் எல்லோரும் நினைவில் வைப்பதில்லை. யாருக்கு எது தெரியும் என்பதை நினைவில் வைக்கிறார்கள். 1995-இல் லியாங், மோர்லண்ட், ஆர்கோட் மூவரும் அதைச் சோதித்தார்கள். மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து ரேடியோ ஒன்றை உதிரிப் பாகங்களிலிருந்து பூட்டச் சொன்னார்கள். சில குழுக்கள் சேர்ந்தே பயிற்சி எடுத்தன. மற்றவற்றில் ஆளாளுக்குத் தனித்தனிப் பயிற்சி. பயிற்சிப் பாடம் ஒன்றேதான். ஒரு வாரம் கழித்துப் பூட்டியபோது சேர்ந்து கற்ற குழுக்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தன, குறைவாகத் தப்பு செய்தன. அதற்கடுத்த சோதனையில், சேர்ந்து கற்றவர்களைக் கலைத்து வேறு குழுக்களில் போட்டார்கள். அந்த மேன்மை மறைந்துவிட்டது. கற்றது தலையில் அப்படியேதான் இருந்தது. யாரிடம் எதைக் கேட்பது என்பதுதான் தொலைந்தது. அலுவலகங்களில் மொத்தமாக இடமாற்றம் போடும் அதிகாரிகள் படித்துப் பார்க்க வேண்டிய சோதனை.

ஏன் சொல்ல வேண்டும்?

அறிவு கைமாற வாய்ப்பு மட்டும் போதாது, மனமும் வேண்டும். தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சியின் பொன்மலைக்கு மாற்றியது 1920-களின் கடைசியில். புது இடம், புது இயந்திரங்கள். ஆட்களைக் குறைக்க நிர்வாகம் முடிவு செய்தது. யாரை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கத் தொழிலாளர்களின் திறமைக்குத் தேர்வு வைக்கப்பார்த்தது. பல ஆண்டு கரியிலும் எண்ணெயிலும் புரண்டு கற்ற வேலையை ஒரு நாள் சோதனையில் அளந்து வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தொழிலாளர்கள் புரிந்துகொண்டார்கள். 1928 ஜூலையில் நாகப்பட்டினம், போத்தனூர், பொன்மலை என்று லைன் முழுக்க வேலைநிறுத்தம் பரவியது. அதை வழிநடத்திய சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள்.

இந்தச் சம்பவத்தை நிறுவன அறிவின் கண்ணால் பார்த்தால் ஒன்று புரியும். தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் தன் வேலை போகும் என்றால் எந்தத் தொழிலாளியும் வாயைத் திறக்க மாட்டார். அது குறுகிய புத்தி ஆகாது, தற்காப்பு. எங்கே சொல்கிறார்கள் என்பதற்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் கதையைப் பார்க்கலாம். நகல் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன்களோடு 1980-களில் ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் கூடவே சுற்றினார். கம்பெனி கொடுத்த கையேட்டில் இல்லாத பழுதுகள் ஏராளம். அவற்றுக்கான தீர்வெல்லாம் சாப்பாட்டு நேரத்தில், அந்த மெஷின் என்னை எப்படிப் படுத்தியது தெரியுமா என்று ஆரம்பிக்கும் கதைகளில் கைமாறின. நிர்வாகத்தின் கணக்கில் அது வெட்டி அரட்டை.

பிற்பாடு அந்தக் கதைகளைச் சேமிக்க ‘யுரேகா’ என்ற முறை வந்தது. ஒருவர் எழுதும் குறிப்பைச் சக டெக்னீஷியன்கள் சரிபார்த்த பிறகே ஏற்றுவார்கள். குறிப்புக்குப் பணம் தரலாமா என்ற பேச்சு வந்தபோது அவர்கள் அதை விரும்பவில்லை. எழுதியவர் பெயரைப் போட்டால் போதும் என்றார்கள். கூட வேலை செய்பவன் மெச்சுவதற்குப் பணத்தால் வாங்க முடியாத மதிப்பு உண்டு.

மறதியின் வேகம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஒரே வடிவத்தில் 2,710 ‘லிபர்ட்டி’ சரக்குக் கப்பல்களைக் கட்டியது. முதல் கப்பலுக்கு 244 நாள் ஆனது. போகப்போகச் சராசரி 42 நாளுக்கு வந்தது. செய்யச் செய்யக் கைவரும் என்பதற்கு இது பெரிய சான்று. ஆர்கோட் குழுவினர் 1990-இல் அந்தப் பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்து இன்னொன்றையும் சொன்னார்கள். உற்பத்தி தொய்ந்த கப்பல் தளங்களில் கற்றது வேகமாகக் கரைந்தது. பீட்டர் தாம்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007-இல் மறுகணக்குப் போட்டு, கரைந்தது உண்மை, ஆனால் அவ்வளவு வேகம் இல்லை என்றார். எவ்வளவு என்பதில்தான் சண்டை, கரையும் என்பதில் இல்லை.

கரைவதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். திருச்சி மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கிறது மருங்காபுரி. காவிரி பாயும் மாவட்டம்தான் என்றாலும் இந்த மேட்டு நிலத்துக்குக் காவிரித் தண்ணீர் ஏறாது. வானம் பார்த்த பூமி, குளம், கிணறு. இப்படிப்பட்ட குளத்துப் பாசன ஊர்களில் மடை திறக்கவும் தண்ணீர் பங்கிடவும் ஊர் ஒருவரை வைத்திருக்கும். நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடையன் என்று பகுதிக்கு ஒரு பெயர். எத்தனை முழத் தண்ணீர் நின்றால் எத்தனை வயல் கதிர் முற்றும், கரையில் எந்த இடம் முதலில் கசியும், எந்த மழைக்கு எந்த ஓடையில் வரத்து வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கூலி நெல்லாக வரும். கூடவே நடந்த மகனுக்கு வேலையும் வரும்.

மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் அவரவர் தண்ணீர் அவரவர் நிலத்தில். மடை திறக்க ஆள் தேவைப்படவில்லை. அவரைத் துரத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வேலை நின்றது, அவ்வளவுதான். 2017 வாக்கில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு குளங்களைத் தூர்வாரத் திட்டம் போட்டது. மண்ணள்ள ஜே.சி.பி. ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். வரத்து வாய்க்கால் எந்தப் புஞ்சையின் ஓரமாக வந்தது, எங்கே அடைத்தால் குளத்துக்குத் தண்ணீர் வராது என்று சொல்ல ஆள் வர வேண்டும். சர்வே வரைபடம் கோட்டைக் காட்டும். தண்ணீர் அந்தக் கோட்டில்தான் ஓடியதா என்பதை நடந்து பார்த்தவர்தான் காட்ட முடியும்.

பொன்மலையில் புது நீராவி இன்ஜின்

இனி எதிர்ப்பக்க உதாரணம். ஊட்டி ரயிலின் எக்ஸ் வகை இன்ஜின்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஊரிலிருந்த எஸ்.எல்.எம். நிறுவனம். முதல் தொகுதி 1914-இல் வரத் தொடங்கியது, கடைசி 1952-இல் வந்தது. சாதாரண நீராவி இன்ஜினைவிடச் சிக்கலான அமைப்பு. நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ள இரண்டு வழக்கமான சக்கரங்களை ஓட்டும். பல்சட்டப் பகுதி வந்ததும், அவை பயன்படுத்திய நீராவியையே மேலே உள்ள இரண்டு சிலிண்டர்களுக்குத் திருப்பிவிட்டுப் பல்சக்கரங்களை ஓட்டுவார்கள். ஒரே நீராவிக்கு இரண்டு முறை வேலை.

இன்ஜின்களுக்கு வயதாகிவிட்டது. செய்த நிறுவனம் 1990-களின் கடைசியில் பிரிந்து கைமாறிப் போனது. இந்தியாவிலோ சித்தரஞ்சன் ஆலை தன் கடைசி நீராவி இன்ஜினை 1972-இலேயே முடித்துவிட்டது. ஆர்கோட் கணக்கைப் பார்த்தாலும் தாம்சன் கணக்கைப் பார்த்தாலும் இந்த நாட்டில் நீராவி இன்ஜின் கட்டும் அறிவு எப்போதோ ஆவியாகியிருக்க வேண்டும். ஆனால் 2011-இலிருந்து 2014-க்குள் பொன்மலைப் பணிமனை எண்ணெயில் ஓடும் நான்கு புது எக்ஸ் இன்ஜின்களைக் கட்டி மலைக்கு அனுப்பியது. 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் கட்டியது.

எப்படி முடிந்தது? பழைய இன்ஜின்கள் காலமுறைப் பழுதுபார்ப்புக்கு வருவது பொன்மலைக்குத்தான். வந்தால் நட்டு போல்ட்டு வரை கழற்றுவார்கள். தேய்ந்ததைப் புதிதாகச் செய்து மாட்டுவார்கள். வால்வை அமைத்து, நீராவி ஏற்றி, ஓட்டிப் பார்த்து அனுப்புவார்கள். டீசல் இன்ஜின் வேலைக்கு மாறிவிட்ட பணிமனையில் இந்தச் சில இன்ஜின்களுக்கான பிரிவு ஓர் ஓரம்தான். ஆனால் அங்கே வேலை நிற்கவில்லை. மூத்தவர் கழற்றும்போது இளையவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். அடுத்த இன்ஜின் வந்தபோது இளையவர் கழற்றினார். பழைய இன்ஜினே வரைபடமாகவும் இருந்தது. ஆள், காகிதம், பொருள், தொடர்பு என்ற நான்கு கிடங்கும் ஒரே கூரையின் கீழ் அறுபடாமல் இருந்தன. பராமரிப்பு என்ற பெயரில் அங்கே நடந்தது தவணை முறையில் ஒரு மறுகட்டுமானம். பாகம் பாகமாகப் பலமுறை கட்டியவர்கள் கடைசியில் முழுதாக ஒன்றைக் கட்டினார்கள்.

நம் அலுவலகங்களில் ஒருவர் ஓய்வு பெறும்போது சார்ஜ் ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று எழுதுவார்கள். பீரோ சாவி, முத்திரை, கோப்பு எண்கள், நாற்காலிகள் எல்லாம் அதில் வரிசையாக வரும். மாலை சால்வையோடு கூட்டம் முடியும். அடுத்த நாள் காலை புதியவர் வருவார், அல்லது அந்த இடம் காலியாகவே கிடக்கும். பழையவரும் புதியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்த நாள் ஒன்றுகூட இருக்காது. அறிவு மேலாண்மை என்ற பெயரில் மென்பொருள் வாங்குவதற்கு முன்னால், இந்த ஒரு இடைவெளியை மூடினாலே பெரும்பகுதி சேதம் நிற்கும். போகிறவர் பக்கத்தில் வருகிறவரை ஆறு மாதம் முன்னதாகவே உட்கார வைப்பது, அபூர்வமாக வரும் வேலையை வருடத்துக்கு ஒரு முறையாவது வேண்டுமென்றே செய்து பார்ப்பது, பழகிய குழுவைக் காரணமின்றிக் கலைக்காமல் இருப்பது, சொன்னவர் பெயரை மறைக்காமல் இருப்பது. மேலே பார்த்த ஆய்வுகளெல்லாம் கடைசியில் வந்து நிற்பது இந்த நான்கில்தான்.

கணக்குப் பிரிவு இதை ஏற்பது கடினம். ஒரே வேலைக்கு ஆறு மாதம் இரட்டைச் சம்பளம் என்றுதான் அவர்கள் புத்தகத்தில் விழும். பொன்மலையின் நீராவிப் பிரிவும் பல பத்தாண்டுகள் அப்படித்தான், வருமானம் காட்டாத செலவாக, ஏதோ ஒரு பேரேட்டில் ஏறியிருக்கும். புது இன்ஜின் வேண்டும் என்ற கேள்வி வந்தபோது உலகத்தில் அதைச் செய்த கம்பெனி இல்லை, செய்து தரச் சொல்லி டெண்டர் விட்டாலும் அனுபவம் உள்ளவர் கிடைப்பது அரிது. செலவு என்று எழுதிய அந்தப் பத்திதான் அப்போது சொத்தாக இருந்தது.